காலர்ட் கீரையைத் தெற்கத்தி அமெரிக்க முறையில் வேக வைப்பது எப்படி? நான் செய்தது தோல் மாதிரி ஆகிவிட்டது

மண்சட்டி:

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் ஜார்ஜியாவுக்குக் குடிவந்தோம், அட்லாண்டாவிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். பக்கத்து வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஆப்பிரிக்க அமெரிக்க அம்மா இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் பாத்தி கட்டிக் கீரை போட்டிருக்கிறார். புத்தாண்டு அன்று மதியம் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். காராமணியும் சோறும் சேர்ந்த ஒன்று, கார்ன் பிரெட் என்கிற சோள ரொட்டி, அப்புறம் பெரிய கிண்ணம் நிறையக் கீரை. நான் சைவம் என்பதை முன்னாடியே கேட்டு வைத்துக்கொண்டு எனக்கென்று தனிச் சட்டியில் இறைச்சி போடாமல் வேக வைத்திருந்தார். அதைச் சாப்பிட்டதிலிருந்து எனக்கு அந்த நினைப்புதான். இலை வாயில் கரைந்தது, ஆனால் மசியவும் இல்லை, கரண்டியில் எடுத்தால் இலை இலையாகத்தான் வந்தது. அடியில் நின்ற தண்ணீரைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தேன், அந்த அம்மா சிரித்துக்கொண்டே இன்னும் ஊற்றினார்.

போன வாரம் மகள் வீட்டுக்குப் புறப்படும்போது ஒரு கட்டு காலர்ட் பறித்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு இலையும் விசிறி அகலம், நல்ல தடிப்பு, மெழுகு பூசியது போல் தண்ணீர் பட்டால் உருண்டு ஓடுகிறது. நான் தண்டுக்கீரைக்குச் செய்கிற மாதிரியே காம்போடு அரிந்து, கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்து, பத்து நிமிடம் வதக்கித் தேங்காய்ப்பூ தூவி இறக்கினேன். மென்றால் மென்றுகொண்டே இருக்க வேண்டியிருந்தது. கசப்பு வேறு. மகன் ஒரு வாயோடு தட்டை நகர்த்திவிட்டான். ஒரு பெரியவர் தன் கையால் வளர்த்துக் கொடுத்ததை இப்படிப் பண்ணிவிட்டோமே என்று மனசு கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் வேக வைக்க வேண்டும், கசப்பு எப்படிப் போகும், இறைச்சி இல்லாமல் அந்தப் புகை வாசனையை எப்படிக் கொண்டுவருவது? இதெல்லாம் இங்கே தென்மாநிலங்களில் இருக்கும் நம் ஆட்களுக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்கிறேன். அவர் திரும்பி வர மூன்று வாரம் ஆகும், பாத்தியில் வேண்டுமட்டும் பறித்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார். வருவதற்குள் ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொண்டு, வந்த அன்றைக்கு அவருக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

---

கீரைப்பாத்தி:

தங்கச்சி, நான் வட கரோலினாவில் ராலேக்குப் பக்கத்தில் பதினேழு வருடமாக இருக்கிறேன், வந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன். உங்கள் தாளிப்பில் ஒரு குற்றமும் இல்லை. காலர்டைக் கீரை என்று நினைத்ததுதான் பிரச்சினை. அரைக்கீரை, சிறுகீரை எல்லாம் சட்டியில் போட்டதும் அடங்கிவிடும் சாதி. காலர்ட் முட்டைக்கோஸின் கூடப் பிறந்தது, தாவரக் கணக்கில் இரண்டும் ஒரே இனம். தலை கட்டாத கோஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோஸின் வெளி இலையைப் பத்து நிமிடம் வதக்கினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும்.

முதலில் அலசுவது. இதை அவசரப்பட்டுச் செய்தால் பிறகு என்ன செய்தும் பலன் இல்லை, நறநறவென்று ஒரு மணல் பல்லில் பட்டால் மொத்தச் சட்டியும் போச்சு. சிங்க்கை அடைத்து நிறையத் தண்ணீர் விட்டு, இலைகளை அமுக்கி ஆட்டி, இரண்டு நிமிடம் சும்மா விடுங்கள். அப்புறம் இலையை மேலே தூக்கி எடுக்க வேண்டும், தண்ணீரை வடிக்கக் கூடாது. வடித்தால் அடியில் தங்கிய மண் மறுபடி இலைமேலேயே வந்து உட்காரும். தோட்டத்துக் கீரை என்றால் மூன்று தண்ணீர், மழை பெய்த மறுநாள் பறித்தது என்றால் நாலு. கடைசித் தண்ணீரில் விரலால் அடியைத் தடவிப் பாருங்கள், வழவழவென்று இருந்தால் சரி.

அடுத்து நடு நரம்பு. இலையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, காம்பை ஒரு கையில் பிடித்து, இலையை மறு கையால் உருவினால் சரக்கென்று வந்துவிடும். முருங்கைக்கீரை உருவிப் பழகிய கைக்கு இது ஒன்றுமே இல்லை. அந்தக் காம்பைத் தூக்கிப் போட வேண்டாம், பொடியாக அரிந்து தனியே வைத்துக்கொள்ளுங்கள். உருவிய இலைகளை ஏழெட்டாக அடுக்கி, பாய் மாதிரி இறுகச் சுருட்டி, விரல் அகலத்துக்கு அரியுங்கள்.

இரண்டு பவுண்டு, அதாவது 900 கிராம் கீரை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். பச்சையாகப் பார்த்தால் அண்டா நிறைய இருக்கும், வெந்த பிறகு நாலு பேருக்குத்தான் வரும், பயப்பட வேண்டாம். அடி கனமான பாத்திரத்தில் மூன்று கரண்டி எண்ணெய், பெரிய வெங்காயம் ஒன்று, தட்டிய பூண்டு ஆறு பல். வெங்காயம் ஓரம் சிவக்கும்வரை வதக்குங்கள். காய்ந்த மிளகாய் இரண்டு கிள்ளிப் போட்டு, பொடியாக அரிந்த காம்பையும் போட்டு, ஐந்து கப் தண்ணீர் ஊற்றிக் கொதி வந்ததும் கீரையைக் கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள். ஒரு பிடி அடங்கியதும் அடுத்த பிடி. எல்லாம் உள்ளே போனதும் தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது, அங்கங்கே ஒரு குமிழி வந்தால் போதும்.

நேரம்: குறைந்தது முக்கால் மணி. முற்றின இலை என்றால் ஒன்றே கால் மணி நேரம்கூட ஆகும், அதனால் கடிகாரத்தைப் பார்க்காமல் இலையைக் கடித்துப் பாருங்கள். நாற்பதாவது நிமிடம் வெந்த மாதிரிதான் தெரியும், ஆனால் பல்லில் ஒரு எதிர்ப்பு இருக்கும். இன்னும் கால் மணி நேரம் விட்டால் அது போய்விடும். அந்தக் கடைசிக் கால் மணி நேரத்தில்தான் உங்கள் பக்கத்து வீட்டு அம்மாவின் பக்குவம் இருக்கிறது. நிறம் பளிச்சென்ற பச்சையிலிருந்து பாசிப் பச்சைக்கு மாறும், மாறட்டும். பச்சை நிற்க வேண்டும் என்று சமையல் சோடா போட்டுவிடாதீர்கள், கீரை கூழாகிவிடும்.

வினிகர் இறக்கும்போதுதான். இரண்டு ஸ்பூன் ஆப்பிள் சைடர் வினிகர். முன்னாலேயே ஊற்றினால் கீரை சீக்கிரம் வேகாது. புளி விட்ட பிறகு பருப்பு வேகாது என்று நம் வீட்டில் சொல்வார்களே, அதே கதை.

கசப்புக்குப் பாதி மருந்து இந்த நீண்ட வேக்காடுதான். மீதி, பறிக்கும் காலம். குளிர் அடித்தால் செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இலையில் சர்க்கரையைச் சேர்த்து வைக்கும், அதனால் உறைபனி விழுந்த பிறகு பறித்த காலர்ட் இனிக்கும். இங்கே பழைய ஆட்கள் முதல் பனி விழும்வரை பாத்தியில் கை வைக்க மாட்டார்கள். உங்களுக்குக் கிடைத்தது பிப்ரவரிக் கீரை, நல்ல கீரைதான், நீங்கள் அதற்கு நேரம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பொரியலே வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது. அப்போது நேர் எதிராகச் செய்ய வேண்டும், சுருட்டிய இலையை நூல் நூலாக, எவ்வளவு மெல்லியதாக முடியுமோ அவ்வளவு மெல்லியதாக அரிந்து, சூடான எண்ணெயில் பூண்டோடு மூன்றே நிமிடம் புரட்டி இறக்க வேண்டும். பிரேசில்காரர்கள் இதே கீரையை அப்படித்தான் செய்கிறார்கள். ஒன்று நூலாக அரிந்து மூன்று நிமிடம், இல்லை அகலமாக அரிந்து ஒரு மணி நேரம். நடுவில் நின்றால் தோல்தான்.

---

தண்ணிச்சாறு:

மேலே அக்கா எல்லாம் சொல்லிவிட்டார், நான் அந்தத் தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அந்தச் சாப்பாட்டின் உயிரே அதுதான். அதற்குப் பெயர் பாட் லிக்கர். சட்டியில் இறங்கிய சாறு என்று அர்த்தம். தயவுசெய்து அதை வடித்துக் கொட்டிவிடாதீர்கள்.

எனக்குச் சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். எங்கள் வீட்டில் அகத்திக்கீரையைக் களைந்த அரிசித் தண்ணீரில் வேக வைத்து, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய் தாளித்து, கடைசியில் தேங்காய்ப்பால் விட்டுத் தண்ணிச்சாறு வைப்பார்கள். கீரையைச் சோற்றுக்குப் போட்டுக்கொண்டு சாற்றை ஆத்தா தம்ளரில் ஊற்றிக் கொடுப்பார். அலபாமாவில் ஒரு நண்பர் வீட்டில் முதன்முதலாகப் பாட் லிக்கரை வாயில் வைத்தபோது, தேங்காய்ப்பால் இல்லை, புகை வாசனை இருக்கிறது, மற்றபடி எங்கள் வீட்டுத் தம்ளர்தான் என்று தோன்றியது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இதன் பின்னால் இருக்கும் கதையையும் தெரிந்துகொண்டு சாப்பிட வேண்டும் என்று நினைக்கிறேன். காலர்ட் செடி ஐரோப்பா வழியாக அமெரிக்காவுக்கு வந்தது. ஆனால் கீரையைச் சாறோடு நிதானமாக வேக வைத்து அந்தச் சாற்றையும் உணவாக்கும் இந்த முறைக்குப் பின்னால், அடிமைகளாகப் பிடித்து வரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க மக்களின் கை இருக்கிறது. அவர்கள் ஊரில் இலை போட்டு வைக்கும் குழம்புகள் அன்றாடச் சாப்பாடு. தோட்ட முதலாளி வீட்டு மேசைக்குக் கீரை போன பிறகு சட்டியில் மிஞ்சிய தண்ணீர் சமைத்தவர்களுக்கு. சத்தில் ஒரு நல்ல பங்கு அந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கும். பிள்ளைகளை அதைக் கொடுத்து வளர்த்தார்கள். உங்கள் பக்கத்து வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே இன்னும் ஊற்றினார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

பின்னாளில் இது எல்லோர் வீட்டுக்கும் வந்துவிட்டது. 1931இல் லூசியானா ஆளுநராக இருந்த ஹியூய் லாங்குக்கும் அட்லாண்டா கான்ஸ்டிடியூஷன் நாளிதழின் ஆசிரியர்களில் ஒருவரான ஜூலியன் ஹாரிசுக்கும் பெரிய வாக்குவாதமே நடந்திருக்கிறது. சோள ரொட்டியைப் பாட் லிக்கரில் முக்கிச் சாப்பிடுவதா, உதிர்த்துப் போட்டுச் சாப்பிடுவதா என்று. லாங் முக்குகிற கட்சி, ஹாரிஸ் உதிர்க்கிற கட்சி. நான் உதிர்க்கிற கட்சி. ரசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுப் பழகியவன் வேறு எப்படிச் சாப்பிடுவேன்? கார்ன் பிரெட் சர்க்கரை போடாததாக இருக்கட்டும், இனிப்புப் போட்டது இதற்கு ஒத்துவராது.

---

ஊசிமிளகாய்:

அலபாமாவின் பர்மிங்ஹாமிலிருந்து எழுதுகிறேன். நானும் சுத்த சைவம், புகை வாசனைக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், இதற்காக நிறையச் சட்டிகள் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

இங்கே வழக்கமாகப் போடுவது புகையில் வாட்டிய பன்றிக் கணுக்கால், இப்போது பல வீடுகளில் வான்கோழி. அதிலிருந்து கீரைக்கு மூன்று விஷயம் கிடைக்கிறது, புகை, உப்பு, ஒரு கொழுப்பு வழவழப்பு. இந்த மூன்றையும் தனித்தனியாகக் கொண்டுவர வேண்டும், புகையை மட்டும் பிடித்துக்கொண்டால் தண்ணீர் சப்பென்றுதான் இருக்கும்.

புகைக்கு ஸ்மோக்ட் பாப்ரிகா, அதாவது புகையில் உலர்த்திய காரம் குறைந்த மிளகாய்த்தூள், ஒரு ஸ்பூன், வெங்காயம் வதங்கியதும் தீயைக் குறைத்துவிட்டுப் போட்டு உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும், கருகினால் கசந்துவிடும். காரம் பிடிக்கும் என்றால் சிபோட்லே மிளகாய் ஒன்று முழுசாகப் போடலாம். அது பழுத்த ஹலபேனோ மிளகாயைப் புகையில் உலர்த்தியது, வாசனை நன்றாக இறங்கும். நான் இன்னொன்றும் செய்வேன், வெங்காயத்தில் பாதியைச் சுட்ட கத்திரிக்காய்க்குச் செய்வது போல் அடுப்புத் தீயில் நேராகக் காட்டி வெளியே கறுக்கச் சுட்டு, கறுப்போடு சேர்த்து அரிந்து போடுவேன். சட்டிக்குள் ஒரு விறகடுப்பு வாசனை வரும்.

உடம்புக்கு, அதாவது சாற்றின் கனத்துக்கு, உலர்ந்த ஷிடாக்கே காளான் நாலைந்து. கூடவே ஒரு ஸ்பூன் சோயா சாஸ். கொழுப்புக்குக் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் வாசனை முன்னால் வந்து நிற்கும். கடலை எண்ணெய் நன்றாக இருக்கும், இறக்கியதும் ஒரு ஸ்பூன் வெண்ணெய். வொர்ஸ்டர்ஷைர் சாஸ் ஊற்றச் சொல்லிச் சில குறிப்புகளில் வரும், அதில் நெத்திலி வகை மீன் இருக்கிறது, சைவக்காரர்கள் லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இந்த ஊர் உணவகங்களில் காய்கறிப் பட்டியலில் கீரை இருக்கிறதே என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் பன்றி இறைச்சியோடு வெந்ததாகத்தான் இருக்கும், பீன்ஸும் அப்படித்தான். வந்த முதல் வருடம் ஒரு உணவகத்தில் நான் மூன்று காய் தட்டு வாங்கிச் சாப்பிட்டு, பாதியில் அடியிலிருந்து ஒரு இறைச்சித் துண்டு வந்தது. பரிமாறியவர் பாவம், அவருக்கு அது காய்தான், யாரும் மறைத்துச் செய்வதில்லை. டப்பாவில் வரும் கீரையிலும் "பக்குவப்படுத்தியது" என்ற பொருளில் எழுதியிருந்தால் சேர்மானத்தைப் படியுங்கள்.

அவசரத்துக்குக் குக்கரிலும் வரும், கால் மணி நேரம் பிரஷரில் விட்டால் இலை மெத்தென்று ஆகிவிடும். அப்போது தண்ணீர் இரண்டு கப் போதும். ஆனால் மூடியைத் திறந்த பிறகு பத்து நிமிடம் திறந்தபடியே கொதிக்க விடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கோஸ் நாற்றம் உள்ளேயே நின்றுவிடும்.

---

வான்கோழிக்கால்:

அசைவம் சாப்பிடும் உங்கள் வீட்டுக்காரருக்காக இதையும் எழுதி வைக்கிறேன். ஸ்மோக்ட் டர்க்கி இறக்கை இரண்டு அல்லது கால் ஒன்று வாங்கி, கீரை போடுவதற்கு முன்னால் அதை மட்டும் எட்டுக் கப் தண்ணீரில் ஒரு மணி நேரம் வேக விடுங்கள். கறி எலும்பை விட்டுப் பிரிந்து வரும். அதற்குப் பிறகுதான் கீரை. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கீரை வெந்துவிடும், கறி வெந்திருக்காது. உப்பு கடைசிவரை போடவே வேண்டாம், இறைச்சியிலேயே நிறைய இருக்கும், வினிகர் ஊற்றியபின் ருசி பார்த்துப் போட்டால் போதும்.

சர்க்கரை விஷயத்தில் இங்கே இரண்டு கட்சி. ஒரு சிட்டிகை போடுவார்கள், சிலர் போடவே கூடாது என்பார்கள். குளிர்காலக் கீரைக்குத் தேவையில்லை, வெயில் காலத்துக் கீரைக்கு ஒரு சிட்டிகை போட்டால் தப்பில்லை என்பது என் அபிப்பிராயம்.

காலர்டோடு கடுகுக் கீரையும் டர்னிப் கீரையும் கலந்து செய்து பாருங்கள். காலர்ட் கனம் கொடுக்கும், கடுகுக் கீரை மூக்கில் ஏறும் ஒரு காரம் கொடுக்கும். அவை இரண்டும் சீக்கிரம் வேகும் என்பதால் காலர்ட் பாதி வெந்த பிறகு சேர்க்க வேண்டும். டர்னிப் கிழங்கையும் துண்டு போட்டு உள்ளே தள்ளிவிட்டால் முள்ளங்கிக் கூட்டு நினைவு வரும்.

---

மருந்துச்சீட்டு:

ஒரே ஒரு விஷயம், நான் மருந்தகத்தில் வேலை பார்ப்பதால் சொல்லாமல் போக மனம் வரவில்லை. காலர்டில் வைட்டமின் கே மிக அதிகம், வெந்த கீரை ஒரு கப்பிலேயே ஒரு நாள் தேவையைப் போலப் பல மடங்கு இருக்கிறது. வீட்டில் யாராவது ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால், திடீரென்று தினமும் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட ஆரம்பிக்கவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. மருந்தின் வேலை மாறிவிடும். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து தங்கியிருக்கும் வீடுகளில் இதைக் கொஞ்சம் கவனியுங்கள், மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடலாம். மற்றவர்கள் தாராளமாகச் சாப்பிடுங்கள். பசலைக்கீரையை விட இதில் ஆக்சலேட் குறைவு, அதனால் கால்சியம் உடம்பில் நன்றாகச் சேரும்.

---

மண்சட்டி:

எல்லோருக்கும் நன்றி, அக்கா உங்களுக்கு ரொம்பவே. இரண்டு தடவை செய்தேன், நடந்ததை எழுதுகிறேன்.

முதல் தடவை ஐந்து கப் தண்ணீருக்கு அளவாக உப்பை முதலிலேயே போட்டுவிட்டேன். மூடி சரியாகப் பொருந்தாத பாத்திரம், ஒரு மணி நேரத்தில் தண்ணீர் பாதியாகச் சுண்டிவிட்டது, சாறு வாயில் வைக்க முடியாத கரிப்பு. கீரை மட்டும் நன்றாக வெந்திருந்தது. அதை எடுத்துப் பிழிந்து, உப்புப் போடாத துவரம்பருப்போடு சேர்த்துக் கடைந்து பூண்டு தாளித்துவிட்டேன், வீணாகவில்லை. ஒரு விஷயம் கவனித்தேன், நாற்பதாவது நிமிடம் எடுத்துக் கடித்த இலையையும் ஐம்பத்தைந்தாவது நிமிடம் கடித்த இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெளியே ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வாயில் போட்டால் இரண்டும் வேறு வேறு கீரை.

இரண்டாவது தடவை எல்லாம் சொன்னபடி. வெங்காயத்தைத் தீயில் சுட்டேன், ஷிடாக்கே போட்டேன், பாப்ரிகா போட்டேன், உப்பைக் கடைசியில் போட்டேன். தண்ணீர் சுண்டச் சுண்டக் கொதிநீர் கொஞ்சம் சேர்த்தேன். வினிகர் ஊற்றிய உடனே ருசி மாறியதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம், அதுவரைக்கும் மங்கலாக இருந்த சாறு சட்டென்று எழுந்து நின்றது. மகன் கார்ன் பிரெட்டை உதிர்த்துப் போட்டு இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாகவே உதிர்த்தான், தண்ணிச்சாறு அண்ணா கட்சிதான்.

நேற்று பக்கத்து வீட்டு அம்மா வந்துவிட்டார். சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே மூடியைத் திறந்து முதலில் சாற்றைத்தான் ஒரு ஸ்பூன் எடுத்துக் குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே விரல் நகம் நீளத்துக்குக் குட்டிக் குட்டி மிளகாய், பச்சையும் சிவப்புமாக, வெள்ளை வினிகரில் ஊறிக்கொண்டிருந்தது. கீரையில் நாலு சொட்டு விட்டுச் சாப்பிட்டுப் பார்த்தார், என்னையும் சாப்பிடச் சொன்னார். பாட்டிலை மூடி என் கையிலேயே கொடுத்துவிட்டார். வினிகர் குறையக் குறைய மேலே ஊற்றிக்கொண்டே வர வேண்டுமாம், அதே மிளகாய் மாதக் கணக்கில் வருமாம்.

அக்கா, இன்னொரு கேள்வி. எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் கொஞ்சம் இடம் இருக்கிறது. விதை எப்போது போடலாம்?

---

கீரைப்பாத்தி:

படித்ததும் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. அந்தப் பாட்டிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

விதைக்கு இந்தப் பருவத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது, பிப்ரவரி கடைசி, மார்ச்சில் போட்டால் கோடை உறைப்பதற்குள் பறித்துவிடலாம். ஆனால் வெயில் ஏற ஏறக் கசப்பும் ஏறும். நல்ல கீரை வேண்டும் என்றால் ஆகஸ்டு, செப்டம்பரில் போட்டுக் குளிருக்குள் எடுத்துக்கொண்டு போவதுதான் சரி. ஜார்ஜியா சதர்ன் என்றே ஒரு பழைய ரகம் இருக்கிறது, வேட்ஸ் என்று இன்னொன்று, இரண்டும் நம்பி வாங்கலாம். செடிக்குச் செடி ஒன்றரை அடி விடுங்கள், நெருக்கி வைத்தால் இலை அகலம் வராது. நாள் ஒன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படட்டும். இரண்டு, இரண்டரை மாதத்தில் பறிக்க ஆரம்பிக்கலாம். முழுச் செடியையும் வெட்டாமல் அடி இலைகளாகப் பார்த்துப் பறித்துக்கொண்டே வாருங்கள், குருத்தைத் தொடாதீர்கள், செடி ஒரு குட்டி மரம் மாதிரி மேலே போய்க்கொண்டே குளிர்காலம் முழுக்கக் கொடுக்கும்.

வெள்ளைப் பட்டாம்பூச்சி வந்து சுற்றினால் அழகாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது, இலையின் அடியில் முட்டை வைத்துவிட்டுப் போகும், ஒரு வாரத்தில் பச்சைப் புழு இலையைச் சல்லடையாக்கிவிடும். காலையில் இலையைத் திருப்பிப் பார்த்து நசுக்கிவிடுங்கள், அல்லது நட்ட அன்றைக்கே மெல்லிய வலைத்துணியால் மூடிவிடுங்கள்.

நேரம் கிடைத்தால் ஒரு செப்டம்பரில் குடும்பத்தோடு இங்கே வாருங்கள். கிழக்கு வட கரோலினாவில் ஏடன் என்ற சின்ன ஊரில் 1975லிருந்து காலர்ட் திருவிழா நடக்கிறது. அந்தப் பக்கத்தில் வெளிர் மஞ்சள் இலையோடு கேபேஜ் காலர்ட் என்று ஒரு ரகம் உண்டு, கடைகளில் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. இலை மெல்லிசு, கசப்பு குறைவு. விதை கிடைத்தால் உங்களுக்கும் சேர்த்து வாங்கி வைக்கிறேன், அந்த அம்மாவுக்கும் கொஞ்சம் கொடுங்கள்.